மொமென்டோ ஜீரோ: இந்த இத்தாலியப் பேனாவைப் பார்த்தவர்கள் என்னிடம் கேட்டவை

சட்டைப் பையில் லியொனார்தோ கம்பெனியின் மொமென்டோ ஜீரோ மைப்பேனா இருந்தால் போதும், யாராவது ஒருவர் வாங்கிப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்பார். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான், கேட்கும் முகம்தான் மாறும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகள் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இருக்கின்றன. நான் பேனா விற்பவன் இல்லை, காசு கொடுத்து வாங்கி எழுதுபவன், அவ்வளவுதான்.

பத்து ரூபாய் பேனாவே நல்லா எழுதுது. இது எதுக்கு சார்?

உண்மை, பத்து ரூபாய் பேனா நன்றாகவே எழுதும். எழுதுவது மட்டும்தான் வேலை என்றால் இந்தப் பக்கத்தை இத்தோடு மூடிவிடலாம், எனக்கு வருத்தமில்லை. மைப்பேனாவில் கையை அழுத்த வேண்டியதில்லை, நிப் தாளைத் தொட்டாலே மை இறங்கும், அதனால் பத்துப் பக்கம் எழுதினாலும் விரல் கடுக்காது. அந்தச் சுகத்துக்குக்கூட இவ்வளவு செலவு தேவையில்லை. சில நூறு ரூபாய் இங்க் பேனாவிலும் அது கிடைக்கும். இதற்கு மேல் கொடுக்கும் காசெல்லாம் பொருளுக்கும் வேலைப்பாட்டுக்கும் நம் ஆசைக்கும்தான்.

பேனான்னா ஜெர்மனிதானே? இத்தாலிக்கும் பேனாவுக்கும் என்ன சம்பந்தம்?

நூறு வருடத்துச் சம்பந்தம். ஆல்ப்ஸ் அடிவாரத்தில் பஸ்ஸானோ தெல் கிராப்பா என்ற ஊரில் மொன்டெகிராப்பா 1912-இல் தொடங்கியது. டுரினில் அவுரோரா 1919-இல் வந்தது, இன்றும் தன் நிப்பைத் தானே செய்துகொள்ளும் வெகு சில கம்பெனிகளில் அது ஒன்று. டுரினை ஒட்டிய செத்திமோ தொரினேசே பேனாப் பட்டறைகளுக்கே பேர்போன ஊர். பொலோன்யாவில் அர்மாந்தோ சிமோனி என்பவர் 1925-இல் ஓமாஸ் தொடங்கினார், பன்னிரண்டு பட்டை வைத்துக் கடைந்த அதன் பேனாக்களைத் தேடித்தேடி வாங்குபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். விஸ்கொன்தி கொஞ்சம் இளசு, 1988, ஃபுளோரன்ஸ். எட்னா எரிமலைக் குழம்புப் பாறையைப் பொடித்து ரெசினில் கலந்து பேனா உடம்பு செய்தவர்கள் இவர்கள்தான்.

ஜெர்மன் பேனா என்றதும் கருப்பு உடம்பும் தங்க வளையமும் நினைவுக்கு வரும், கச்சிதமாக, கோட்டு சூட்டு போட்ட மாதிரி. இத்தாலியர்களுக்கு நிறத்தின் மேல் ஒரு பித்து. கடல் நீலம், தேன் நிறம், சலவைக்கல் போல ஓடும் கோடுகள் என்று பேனாவைப் பேனாவாகவே பார்க்க மாட்டார்கள். இன்னொன்று, அங்கே பெரிய வடிவமைப்பாளர்கள் பேனாவைச் சின்ன வேலை என்று ஒதுக்கவில்லை. ஒலிவெத்தி தட்டச்சுப் பொறிகளை வடிவமைத்த மர்ச்செல்லோ நித்சோலிதான் அவுரோராவின் 88 என்ற பேனாவுக்கும் வடிவம் கொடுத்தார், அது 1940-களின் கடைசியில். 1970-இல் மார்கோ த்சனூசோ வடிவமைத்த அவுரோராவின் ஹாஸ்டில் பேனா நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

லியொனார்தோன்னா டாவின்சி காலத்துக் கம்பெனியா?

இல்லை இல்லை. 2018-இல் தொடங்கியது. முழுப் பெயர் லியொனார்தோ ஒஃபிச்சினா இத்தாலியானா, ஒஃபிச்சினா என்றால் பட்டறை. நேப்பிள்ஸ் பக்கத்துக்காரர்கள்.

அப்ப புதுக் கம்பெனி. ஆனா 'பாரம்பரியம்'னு சொல்லி விக்கிறாங்களே, அது ஏமாத்து இல்லையா?

இந்தச் சந்தேகம் எனக்கும் இருந்தது. கதை இப்படி. நேப்பிள்ஸுக்கு வடக்கே 1982-இல் டெல்டா என்ற பேனாக் கம்பெனி தொடங்கியது. ஆரஞ்சு நிற தொல்ச்சேவீத்தா பேனாவை எங்காவது படத்தில் பார்த்திருப்பீர்கள், அது அவர்களுடையது. தொடங்கிய பங்காளிகளில் ஒருவர் சிரோ மத்ரோனே. 2016-இல் ஓமாஸ் மூடியது, அடுத்து 2017 முடியும்போது டெல்டாவும் கதவைச் சாத்தியது. இரண்டு வருடத்துக்குள் இரண்டு பெரிய பெயர்கள் போனதில் இத்தாலியப் பேனா கதை முடிந்தது என்றுதான் பலர் பேசினார்கள்.

சிரோவின் மகன் சால்வத்தோரே மத்ரோனே தொடங்கியதுதான் லியொனார்தோ. கடைசல் மேசையும் ரெசினும் மெருகு வேலையும் பார்த்தே வளர்ந்த குடும்பம். பொலோன்யாவிலும் இதே கதைதான், ஓமாஸில் வேலை பார்த்தவர்கள் சேர்ந்து ஸ்க்ரீபோ என்ற பெயரில் பேனா செய்கிறார்கள். பிறகு டெல்டா பெயரும் திரும்பி வந்துவிட்டது. கம்பெனிப் பலகையில் போட்டிருக்கும் ஆண்டைப் பார்த்தால் இது புதுசு, வேலை செய்யும் கையைப் பார்த்தால் பழசு. ஒரு பிரபல சமையல்காரர் ஹோட்டலை விட்டு வெளியே வந்து சொந்தமாகக் கடை போட்டால் சாம்பாரில் பழைய ருசி இருக்கத்தானே செய்யும்? நூறு வருடப் பெயரை விலைக்கு வாங்கி வேறு எங்கேயோ செய்து விற்பவர்களை விட இவர்களிடம் அந்தச் சொல்லுக்கு அதிக உரிமை இருக்கிறது என்பது என் கட்சி.

'மொமென்டோ ஜீரோ'ன்னு ஏன் பேர்?

இத்தாலிய மொழியில் 'பூஜ்ய கணம்', எல்லாம் முதலிலிருந்து தொடங்கும் நேரம். டெல்டா மூடிய கையோடு வந்த முதல் பேனாக்களில் ஒன்று என்பதால் பெயர் சரியாகத்தான் இருக்கிறது. கூடவே ஃபுரோரே என்று இன்னொன்றும் வந்தது, அமால்ஃபி கடற்கரையில் மலைப்பிளவுக்குள் இருக்கும் ஊரின் பெயர் அது.

பாக்க எப்படி இருக்கும்? மத்த பேனாலேர்ந்து எப்படிக் கண்டுபிடிக்கிறது?

இரண்டு நுனியும் கூம்பாக ஒடுங்கி, நடுவில் பருத்து, 1930-கள் 40-களின் இத்தாலியப் பேனா போல இருக்கும். கிளிப்பின் முனையில் ஒரு குட்டிச் சக்கரம், துணியில் செருகும்போது உருண்டு இறங்கும். டெல்டாவிலும் இதே சக்கரம் உண்டு, குடும்ப மூக்கு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பிடிக்கும் இடம், அதாவது கழுத்து, நடுவில் இடுங்கி நிப் பக்கம் மறுபடி அகலும், விரல் வழுக்கிப் போய் மையில் படாது.

உடம்பு ரெசின்னு போட்டிருக்கு. ரெசின்னா பிளாஸ்டிக்தானே? பிளாஸ்டிக்குக்கா இவ்வளவு விலை?

ஆமாம், பிளாஸ்டிக்தான். மழுப்ப மாட்டேன். வித்தியாசம் செய்யும் முறையில் இருக்கிறது. மலிவுப் பேனாவில் உருக்கிய பிளாஸ்டிக்கை அச்சுக்குள் அழுத்தி ஊற்றுவார்கள், சில நொடியில் ஒரு உடம்பு, ஆயிரமும் ஒரே மாதிரி. இதில் பல நிறங்கள் கலந்து இறுகிய ரெசின் கம்பியை எடுத்து, கடைசலில் வைத்து வெளியே கடைந்து, உள்ளே குடைந்து, மரை வெட்டி, அப்புறம் மெருகேற்றுவார்கள். கம்பியில் நிறம் எப்படி ஓடியதோ அப்படித்தான் பேனாவிலும் ஓடும், அதனால் ஒரே மாடலில் இரண்டு பேனா ஒரே மாதிரி இருக்காது. பாதிக்கு மேல் ரெசின் சீவலாகக் குப்பைக்குப் போகிறது, மெருகுக்கு ஆள் நேரம் போகிறது.

அந்த வேலைக்கு அந்த விலை தகுமா என்பது வேறு கேள்வி. ஸ்டீல் நிப் போட்ட சாதா மொமென்டோ ஜீரோ, இத்தாலியப் பேனாக்களின் வரிசையில் நியாயமான விலை என்பேன். தங்க நிப், உடம்புக்குள்ளேயே மையை இழுக்கும் பிஸ்டன், குறைந்த எண்ணிக்கைப் பதிப்பு என்று ஏற ஏற, எழுத்தில் தெரியும் வித்தியாசம் குறைந்துகொண்டே போகும், விலை மட்டும் கூடிக்கொண்டே போகும்.

செல்லுலாய்டுன்னு ஒண்ணு சொல்றாங்களே, அதுவும் இதுவும் ஒண்ணா? அது தீப்பிடிக்குமாமே?

ஒன்று இல்லை. செல்லுலாய்டு என்பது பஞ்சிலிருந்து எடுக்கும் செல்லுலோஸை நைட்ரிக் அமிலத்தில் பதப்படுத்தி, கற்பூரம் சேர்த்துப் பிசைந்து செய்யும் பழைய பிளாஸ்டிக். கற்பூரம் என்றால் நம் சூடம் இனம்தான். பழைய செல்லுலாய்டு பேனாவை உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்தால் பூஜை அறை வாசம் வரும், முதல் தடவை முகர்ந்தபோது நான் சிரித்தே விட்டேன். தீ காட்டினால் பற்றும், அது உண்மை. சட்டைப் பையில் தானாகப் பற்றிக்கொள்ளாது, பயம் வேண்டாம்.

இத்தாலியர்களுக்கு இதன் மேல் தனிப் பாசம், ஏனென்றால் நிறத்தின் ஆழமும் ஒளி உள்ளே போய்த் திரும்புகிற விதமும் இதில் வருவது போல ரெசினில் வருவது கடினம். ஓமாஸின் ஆர்கோ என்ற வகையில் அடுக்கடுக்கான தகடுகள் மரத்தின் வரி போலத் தெரியும். ஆனால் செய்வது பெரிய தொல்லை. செய்யும்போது சேர்த்த கரைப்பான் முழுக்க ஆவியாக மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும், அவசரப்பட்டுக் கடைந்தால் பின்னால் சுருங்கி மரை பிடிக்கும். அதனால்தான் இன்று பெரும்பாலோர் ரெசினுக்கு மாறிவிட்டார்கள். லியொனார்தோவும் செல்லுலாய்டில் தனிப் பதிப்புகள் போட்டதுண்டு, கடையில் சாதாரணமாகக் கிடைப்பது ரெசின்தான்.

நிப் ஜெர்மனியிலேர்ந்து வருதாம். அப்ப எதுக்கு இத்தாலிப் பேனான்னு சொல்லணும்?

நல்ல கேள்வி, கேட்டவர் கொஞ்சம் கோபமாகவே கேட்டார். தொடக்க கால மொமென்டோ ஜீரோக்களில் வந்தவை ஜெர்மன் நிப்தான். உலகத்தில் நிப் செய்து மற்றவர்களுக்கு விற்கும் பெரிய பட்டறைகள் மிகக் குறைவு, ஜெர்மனியின் ஜோவோவும் பாக்கும்தான் முதலில் நினைவுக்கு வரும். ஐரோப்பாவில் பாதிக் கம்பெனிகள் அவர்களிடம்தான் போகின்றன, விஸ்கொன்தி, டெல்டா எல்லாம் அந்த வழியில் போனவைதான். திருவள்ளூரில் எபனைட் கம்பியைக் கடைந்து பேனா செய்யும் ரங்காவும் வேண்டுமென்றால் ஜோவோ, பாக் நிப் போட்டுத்தான் தருகிறார்கள், அதற்காக அதை ஜெர்மன் பேனா என்று யாரும் சொல்வதில்லையே.

நிப்பும் வீட்டுச் சரக்காகவே இருக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால் அவுரோரா பக்கம் போங்கள். அதன் நிப் தாளில் லேசாக உரசும், பென்சில் போல ஒரு பிடிமானம் இருக்கும். சிலருக்கு அது உயிர், சிலருக்குப் பல் கூசும். எனக்கு முதல் கட்சி. மற்றபடி எந்தப் பேனா வாங்கினாலும் அந்த வருடத்து மாடலில் யார் நிப் இருக்கிறது என்று கடையில் கேட்டுவிட்டு வாங்குங்கள், ஒரே பெயரில் நிப் மாறிக்கொண்டிருப்பது இந்தத் தொழிலில் சகஜம்.

ஸ்டீல் நிப் வாங்கலாமா, தங்க நிப் வாங்கலாமா?

முதல் பேனா என்றால் ஸ்டீல். தாளைத் தொடும் நுனி தங்கமும் இல்லை, ஸ்டீலும் இல்லை. இரண்டிலும் அங்கே பற்றவைத்திருப்பது தேயாத ஒரு கடின உலோகக் கலவையின் துளி, பழக்கத்தில் இரிடியம் என்று சொல்வார்கள், இப்போதெல்லாம் அதில் இரிடியமே இல்லாமலும் இருக்கும். எனவே வழவழப்பு அந்தத் துளியை எப்படித் தேய்த்து மெருகேற்றினார்கள் என்பதில்தான் இருக்கிறது. தங்கம் ஆதி காலத்தில் வந்ததற்குக் காரணம் அன்றைய மையின் அமிலம், ஸ்டீல் அரித்துப் போகும், தங்கம் போகாது. இன்று ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அந்த வேலையைப் பார்த்துக்கொள்கிறது.

ஸ்டீல் என்றால் மட்டம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. 1935-இல் எத்தியோப்பியா மேல் படையெடுத்ததும் இத்தாலி மேல் பொருளாதாரத் தடை வந்தது. முசோலினி அரசு ஜனங்களின் கல்யாண மோதிரத்தைக்கூட நாட்டுக்குக் கொடுக்கச் சொன்ன காலம் அது. தங்கத்தில் நிப் செய்ய வழியில்லாமல் பேனாக்காரர்கள் ஸ்டீல் கலவைகளுக்கு மாறினார்கள், அவுரோரா பிளாத்தீரிதியோ என்று பெயர் வைத்து விற்றது. அந்த நிப்புகளில் பல இன்றும் எழுதுகின்றன. ஆக ஸ்டீல் நிப்பும் இத்தாலியப் பாரம்பரியத்துக்குள் வருவதுதான்.

தங்கத்தின் லாபம், நிப் கொஞ்சம் மெத்தென்று இருக்கும். 14 காரட் என்றால் 58.5 சதவீதம் தங்கம், நிப்பில் 585 என்று போட்டிருக்கும். 18 காரட் என்றால் 75 சதவீதம், 750 என்று இருக்கும்.

18 காரட்தானே உசத்தி? 14 ஏன் வாங்கணும்?

நகைக் கடைக் கணக்கு இங்கே செல்லாது. தங்கம் கூடக்கூட உலோகம் மென்மையாகும், ஆனால் ஸ்பிரிங் மாதிரித் திரும்பி வரும் குணம் குறையும். அழுத்தி எழுதும் கைக்கு 14-தான் தாங்கும். காரட்டை விடத் தகட்டின் கனமும் அதை வெட்டிய விதமும்தான் அதிகம் பேசும்.

தங்க நிப் வளைஞ்சு கோடு தடிப்பா மெல்லிசா வருமாமே, வீடியோல பாத்தேன்?

வீடியோவில் வருவது பெரும்பாலும் நூறு வருடத்துப் பழைய நிப் அல்லது தொட்டு எழுதும் நிப். இன்றைய சாதாரணத் தங்க நிப்பை அந்த அளவுக்கு அழுத்தினால் இரண்டு முனையும் விரிந்து அப்படியே நின்றுவிடும், பிறகு நிப்பின் அழகெல்லாம் போச்சு. மென்மை வேறு, வளைவு வேறு.

மை எப்படி ஊத்துறது? இங்க் ஃபில்லர் வேணுமா?

வேண்டாம். மொமென்டோ ஜீரோவின் உள்ளே கன்வெர்ட்டர் என்ற சின்னக் குழாய் மரை போட்டு இறுக்கி இருக்கும். பின் நுனியில் ஒரு சின்ன மூடி தனியாகக் கழலும், கழற்றினால் கன்வெர்ட்டரின் திருகு தெரியும். நிப்பை மைப் புட்டிக்குள் கழுத்து வரை முக்கி, திருகைச் சுற்றினால் மை ஏறும். உடம்பைக் கழற்றவே தேவையில்லாததால் பிஸ்டன் பேனா மாதிரியே தோன்றும். கன்வெர்ட்டரைக் கழற்றிவிட்டு, மை அடைத்து வரும் கார்ட்ரிட்ஜ் குழாயைப் போட்டுக்கொள்ளவும் செய்யலாம்.

இதன் அண்ணன் மொமென்டோ ஜீரோ கிராந்தே, அதில் நிஜமாகவே பிஸ்டன், உடம்பே மைத்தொட்டி. ஏறக்குறைய ஒன்றரை மில்லி பிடிக்கும், கன்வெர்ட்டரில் ஒரு மில்லிகூட வராது. பரீட்சை எழுதுபவர்களுக்கும் பக்கம் பக்கமாக எழுதுபவர்களுக்கும் கிராந்தே. அடிக்கடி மையின் நிறத்தை மாற்றுபவர்களுக்கு கன்வெர்ட்டர்தான் நிம்மதி, கழுவ இரண்டு நிமிடம் போதும். பிஸ்டனைக் கழுவி முடிப்பதற்குள் காபி ஆறிவிடும்.

எந்த மை போடலாம்? ப்ரில் போட்டா கெட்டுப் போயிடுமா?

போகாது. ப்ரில் ராயல் புளூ மாதிரி சாதாரண மைப்பேனா மை எதுவும் சரி. போடவே கூடாதது படம் வரையும் இந்தியன் இங்க், அதில் இருக்கும் பிசின் உள்ளே காய்ந்தால் பேனாவை மறந்துவிடலாம். மினுமினுப்புத் தூள் கலந்த மைகளை கன்வெர்ட்டர் பேனாவில் போட்டு விளையாடுங்கள், பிஸ்டனில் வேண்டாம். இளநிற ரெசின் வைத்திருப்பவர்கள் அடர் சிவப்பு, ஊதா மைகளிடம் கொஞ்சம் ஜாக்கிரதை, கறை உள்ளே தங்கும்.

தமிழ் எழுத எந்த சைஸ் நிப் நல்லது?

எஃப், அதாவது ஃபைன், மெல்லிய கோடு. எம் என்றால் மீடியம், நடுத்தரம். ஐரோப்பிய நிப் பெரும்பாலும் ஜப்பான் நிப்பை விட ஒரு படி தடிப்பாக எழுதும், ஜப்பான் கம்பெனியான பைலட்டின் எம் எழுதிப் பழகியவர்களுக்கு இங்கே எஃப்-தான் அந்த அளவு வரும். ண, ஞ, இ மாதிரி சுழி உள்ள எழுத்துகளைச் சின்னதாக எழுதினால் எம் நிப்பில் சுழி அடைபடும், அதுவும் நம் ஊர்ப் பள்ளி நோட்டுத் தாளில் மை பரவுவதையும் சேர்த்தால் ணகரம் ஒரு கறையாகிவிடும். பெரிய எழுத்துக்காரர்கள், கையெழுத்து மட்டும் போடுபவர்கள் எம் வாங்கலாம். பட்டையாக வெட்டிய ஸ்டப் நிப்பில் தமிழ் அழகாக வரும், வளைவுக்கு வளைவு தடிப்பு மாறும், ஆனால் பேனாவை ஒரே கோணத்தில் பிடிக்கும் பழக்கம் வேண்டும்.

புதுப் பேனா, காசு கொட்டி வாங்கினேன், முதல் எழுத்தே விழ மாட்டேங்குது. ஏமாத்திட்டாங்களா?

பதறாதீர்கள். முதலில் சாதாரண வெப்பத்தில் இருக்கும் தண்ணீரில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, நாலைந்து தடவை உறிஞ்சி வெளியேற்றுங்கள், செய்யும்போது ஒட்டிய எண்ணெய் போகும். பாதிப் பிரச்சினை இதிலேயே தீரும். சுடுதண்ணீர் மட்டும் கூடவே கூடாது.

அப்படியும் ஒவ்வொரு சொல்லின் முதல் கோடு மட்டும் விட்டுப்போகிறது என்றால் நுனியை அளவுக்கு மேல் மெருகேற்றியிருப்பார்கள். நடுப் பிளவின் இரு பக்கமும் உருண்டுபோய், மை தாளை எட்டாது. விலை உயர்ந்த பேனாக்களில்கூட இது வரும். நான் ஆசையாக வாங்கிய வேறொரு பேனாவில் இது இருந்தது, விற்றவர் 'எழுத எழுத சரியாகிடும் சார்' என்றே மூன்று வாரம் ஓட்டினார், சரியாகவில்லை. நிப் வேலை தெரிந்தவரிடம் கொடுத்தேன், பத்து நிமிடத்தில் தேய்த்துக் கொடுத்தார். நீங்களே உப்புத்தாளை எடுக்காதீர்கள். வாங்கும்போதே எழுதிப் பார்த்து அனுப்பும் கடையில் வாங்கினால் இந்தத் தலைவலி இல்லை.

வெயில் காலத்துல மை ஒழுகுது, மூடிக்குள்ள எல்லாம் மை. பேனா கோளாறா?

பெரும்பாலும் காற்றின் வேலை. மை இறங்கிய இடத்தில் காற்று நிற்கிறது, சூடானால் அது விரியும், விரிந்தால் மையைத்தான் வெளியே தள்ளும். நிப்புக்கு அடியில் இருக்கும் சீப்பு மாதிரியான கட்டை, ஃபீட் என்பார்கள், அப்படி வரும் உபரி மையைத் தன் பற்களில் பிடித்து வைத்துக்கொள்ளும், அதற்கும் ஒரு அளவு உண்டு. பைக் டேங்க் மேல் பையை வைத்து மே மாதம் ஓட்டிப் போனால் எந்தப் பேனாவும் துப்பும். விமானத்திலும் இதே கதை, அங்கே வெளியே அழுத்தம் குறைவதால் காற்று விரிகிறது. முழுக்க நிரப்புங்கள் அல்லது முழுக்கக் காலி செய்யுங்கள், நிப் மேல் பார்த்து இருக்கட்டும். நிழலில் மேசை மேல் இருக்கும்போதும் ஒழுகினால் கோளாறுதான், திருப்பி அனுப்புங்கள்.

எபனைட் ஃபீட்னு விளம்பரத்துல போடறாங்க. அது பெரிய விஷயமா?

எபனைட் என்பது கந்தகம் சேர்த்து இறுக்கிய ரப்பர். மை அதன் மேல் நன்றாகப் பரவும், அதனால் ஓட்டம் தாராளமாக இருக்கும். லியொனார்தோவின் தங்க நிப் பேனாக்களில் இதைப் போடுகிறார்கள். பிளாஸ்டிக் ஃபீட்டும் நன்றாகவே எழுதும், இதற்காக மட்டும் கூடக் காசு கொடுக்காதீர்கள்.

வெளிநாட்டுலேர்ந்து நேரா வரவழைச்சா லாபமா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். இத்தாலியில் விலைச்சீட்டில் 22 சதவீத வரி சேர்ந்திருக்கும், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே அனுப்பும்போது அதைக் கழித்துக்கொள்ளலாம். பார்க்க லாபமாகத் தெரியும். இங்கே வந்ததும் சுங்கமும் ஜிஎஸ்டியும் கூரியர்காரர் கட்டணமும் சேரும், பல நேரம் கழித்ததெல்லாம் திரும்ப ஏறிவிடும். நிப் சரியில்லை என்றால் திருப்பி அனுப்பும் செலவு வேறு. ஐரோப்பாவிலிருந்து சொந்தக்காரர் யாராவது வந்தால் பிழைத்தீர்கள். பெட்டியின் மேல் 'பரிசு, பத்து யூரோ' என்று போடச் சொல்வது மட்டும் வேண்டாம், மாட்டினால் பேனாவும் போகும்.

எண் போட்ட பதிப்பு வாங்கி வச்சா பின்னாடி விலை ஏறுமா?

ஏறியவை இருக்கின்றன. ஓமாஸ் மூடிய பிறகு அதன் நல்ல செல்லுலாய்டு பேனாக்கள் ஏறின. ஆனால் அது கம்பெனி செத்ததால் வந்த விலை, யாரும் திட்டமிட்டு வாங்கியது இல்லை. லியொனார்தோ வருடத்துக்கு எத்தனையோ நிறத்தில் பதிப்பு விடுகிறது, கடைகளுக்கென்றே தனி நிறங்கள் வேறு. இத்தனை இருக்கும்போது நம் கையில் இருக்கும் எண்ணை யார் தேடப்போகிறார்கள்? பெட்டியைப் பிரித்த மறுநாளே பெரும்பாலான பேனாக்களின் மறுவிலை இறங்கிவிடும். காசு பெருக வேண்டும் என்றால் பாங்கில் போடுங்கள்.

அப்ப பழைய டெல்டா, ஓமாஸ் செகண்ட்ஹேண்ட்ல வாங்கலாமா?

வாங்கலாம், கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு. செல்லுலாய்டு என்றால் உள்ளே மெல்லிய வெடிப்பு வலை ஓடுகிறதா, உலோக வளையத்தை ஒட்டி நிறம் மாறியிருக்கிறதா என்று நல்ல வெளிச்சத்தில் எடுத்த படம் கேளுங்கள். மேலே சொன்ன சுருக்கம் வளையங்களைத் தளர்த்திவிடும், கிலுகிலுவென்று சத்தம் வரும். பிஸ்டன் தண்ணீரை இழுத்துப் பிடிக்கும் வீடியோவும் கேளுங்கள். மூடிய கம்பெனியின் பேனாவுக்கு உதிரி பாகம் கிடைப்பது குதிரைக்கொம்பு. லியொனார்தோ வாங்குவதில் எனக்குப் பெரிய சௌகரியமே இதுதான், உடைந்தால் செய்தவர்களுக்கே எழுதலாம்.

கீழ விழுந்து நிப் வளைஞ்சிடுச்சு. அவ்வளவுதானா?

பேனாவுக்கு ஒன்றும் இல்லை. நிப் மட்டும் போயிருக்கும். நுனித் துளி விழாமல் இருந்தால் நிப் வேலைக்காரர் நிமிர்த்திவிடுவார். துளியே போயிருந்தால் நிப்பும் ஃபீட்டும் சேர்ந்த பகுதியையே மாற்ற வேண்டும், ஸ்டீலில் அது தாங்கும் செலவு, தங்கத்தில் இன்னொரு பேனா வாங்குகிற மாதிரி வலிக்கும். ஸ்டீலா தங்கமா என்ற கேள்வியில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பல்லால், இடுக்கியால் நிமிர்த்திவிட்டு அப்புறம் கொண்டுவருபவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை.

அப்பா ரிட்டையர் ஆகிறார், இதை வாங்கிக் கொடுக்கலாமா? பேர் பொறிக்கணும்.

அவர் முன்பு இங்க் பேனாவில் எழுதியவரா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். அந்தத் தலைமுறைக்காரர்கள் பெரும்பாலும் எழுதியிருப்பார்கள், கையில் கொடுத்ததும் நிப்பைத் திருப்பி வெளிச்சத்தில் பார்ப்பார்கள் பாருங்கள், அதற்கே கொடுக்கலாம். வாங்குவதானால் கன்வெர்ட்டர் மாடல், ஸ்டீல், எஃப். கை நடுக்கம் இருந்தால் எம். கூடவே ஒரு புட்டி நீல மையும் வாங்கிவிடுங்கள், மை இல்லாமல் பேனா மட்டும் கொடுத்து அது ஆறு மாதம் பீரோவில் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

பெயர் பொறிப்பதை உடனே செய்யாதீர்கள். பொறித்த பேனாவைக் கடையில் திரும்ப எடுக்க மாட்டார்கள், நிப் கோளாறு என்றால் மாற்றுவதும் தகராறாகும். ஒரு மாதம் எழுதட்டும். பிடித்துப் போனால் அப்போது பொறிக்கலாம், எந்த எழுத்தில் என்று அவரையே கேட்டுவிட்டு.